ஹன்னா ரீச்சரின் நீல விளிம்புப் பேணி

நேற்று கொலோன் டிராமில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு தோடம்பழத்தை உரித்தாள். அவ்வளவுதான். அடுத்த இரண்டு தரிப்பிடங்களுக்கு நான் டிராமில் இல்லை. தோல் கிழியும்போது தெறிக்கிற அந்த வாசம் என்னை இருபது வருடத்துக்கு முந்திய ஒரு குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

அது நகர விளிம்பிலிருந்த எங்கள் அகதிகள் விடுதியின் குசினி. அங்கே தோடம்பழம் உரித்தவர் ஹன்னா ரீச்சர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வெள்ளி பின்னேரங்களில், ஒருவரும் கேட்காமலே, சம்பளமும் இல்லாமல் வந்து எங்களுக்கு ஜெர்மன் சொல்லித்தந்தார். கேட்காமலே என்பதுதான் உறுத்தியது. கேட்டதே கிடைக்காத இடத்தில் கேளாமல் ஒன்று கிடைத்தால் யார்தான் நம்புவார்?

"தம்பி, ஒருத்தரும் சும்மா வராயினம்," என்பார் என் அறைக்காரர் சிவம் அண்ணை. உருளைக்கிழங்கு வாங்கினாலும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிற மனிதர். "பாத்தனியோ? ஒவ்வொரு வெள்ளியும் பொழுது சாயேக்கை வெளியில போய் போன் பண்ணுது. ஜெர்மனும் இல்லை. மெல்லமா, மந்திரம் மாதிரி."

"ஆருக்கு அண்ணை?"

"எங்கட கேஸ் பைலை ஆர் வச்சிருக்கினமோ, அவைக்குத்தான்."

என் சந்தேகம் வேறு. அதற்கு வயதும் அதிகம். முதல் கிழமை நான் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்து அவருக்கு ஒரு கோப்பை நீட்டினேன். சிரித்துக்கொண்டே மறுத்தார். பையிலிருந்து நீல விளிம்பு போட்ட எனாமல் பேணியை எடுத்துத் தண்ணீர் பிடித்தார். தன் கத்தியால் தன் தோடம்பழத்தை உரித்தார். பிறகு பேணியைக் கழுவி, சொந்தத் துணியில் சுற்றி, பைக்குள் வைத்தார்.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன. ஊரில் எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணிக் கடையில் தனிப்பேணி. குடித்து முடித்ததும் அப்பா தானே கழுவிக் கவிழ்த்துவைப்பார். கடலும் நாலு எல்லையும் தாண்டி வந்தவனை, அந்தப் பேணி விலாசம் விசாரித்துத் தேடி வந்துவிட்டது என்றே நினைத்தேன். தான் யூதர் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். யூதர்கள் எப்படிச் செத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எப்படிச் சமைக்கிறார்கள் என்று தெரியாது.

"என்ன கடிதம் வந்தாலும் கொண்டுவந்து காட்டுங்கோ," என்பார். ஜெர்மனில்தான் சொன்னார்; என் ஞாபகத்தில் ஏனோ யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார். மஞ்சள் உறையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நிராகரிப்பு என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. என் குசினியில் கை நனைக்காதவருக்கு என் கடிதத்தில் என்ன வேலை? மெத்தைக்குக் கீழே வைத்தேன்.

கார்த்திகை மாதத்து வெள்ளி ஒன்றில் திகதி சொல்லப் பழக்கினார். பேச்சோடு பேச்சாக, மஞ்சள் உறைமேல் தபால்காரர் ஒரு திகதி எழுதுவார், அதிலிருந்து பதினாலு நாளுக்குள் கோர்ட்டுக்கு எதிர்த்து எழுதாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். மேசைக்குக் கீழே விரல்விட்டு எண்ணினேன். அன்றுதான் கடைசி நாள்.

வெள்ளியில் வக்கீலின் கந்தோர் மத்தியானத்தோடு பூட்டு. சிவம் அண்ணை என் முகத்தைப் பார்த்தார். "கொண்டுபோய்க் குடு. இதுக்கு மேல என்ன, கொழும்பு எயார்போட்தானே."

ரீச்சர் வெளி நடையில் போனைக் கையில் எடுத்திருந்தார். உறையை நீட்டினேன். வாசித்தார்.

"ஏன் இவ்வளவு நாளும் காட்டேல்லை?"

அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் குசினி மேசையில் வந்து உட்கார்ந்தார். தாள் கேட்டார். வெளியே மஞ்சள் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. பேனையைத் தூக்கியவர் யன்னலைப் பார்த்தார். கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நேரத்தைக் கடத்துகிறார், இப்படியே இருந்து என்னை அனுப்பிவிடப் போகிறார் என்று எனக்குள் ஒருவன் சொன்னான். பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. அவர் எடுக்கவில்லை. வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு எழுதத் தொடங்கினார்.

"இதில கையெழுத்து வையுங்கோ. கோர்ட் வாசல்ல தபால்பெட்டி இருக்கு. ஓடுங்கோ."

ஓடினேன். டிராம் தரிப்பிடத்து விளக்கில் அந்தத் தாளைப் பிடித்து, காட்டிக்கொடுக்க ஏதும் எழுதியிருக்கிறாரோ என்று பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. பெட்டிக்குள் போட்டேன். வழக்கு இழுபட்டு, ஒருவழியாக எனக்கு இங்கே இருக்க இடம் கிடைத்தது.

சில வருடங்களுக்குப் பிறகு அவருடைய செத்தவீட்டில் மகனைச் சந்தித்தேன். "நீங்கள்தானோ அந்தக் கடிதக்காரர்?" என்றான். கடிதம் எழுதிய அந்த நாட்களில் அவன் ஆஹென் நகரில் மாணவன். வெள்ளி பொழுதுபட்டால் மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை யூதருக்கு ஓய்வுநாள், அம்மா பேனை தொடமாட்டா, போன் எடுக்கமாட்டா என்றான். பொழுதுபட முன்னம் அவனைப் போனில் கூப்பிட்டு ஹீப்ருவில் ஆசீர்வாதம் சொல்லுவா.

"ஒரேயொரு வெள்ளிதான் அது வரேல்லை. பயந்துபோய் நான்தான் திருப்பித் திருப்பி அடிச்சுப் பாத்தன். அடுத்த நாள் இருட்டினாப் பிறகு சொன்னா, 'ஒரு பெடியனுக்குக் கடிதம் எழுதினனான், கோவிக்காதை' எண்டு."

பேணியைப் பற்றிக் கேட்டேன். அவன் சிரித்தான். "எங்கட சமயத்துச் சாப்பாட்டு முறை அது, வேற வீட்டுப் பாத்திரத்தில வாய் வைக்கமாட்டா. சொந்தத் தங்கச்சி வீட்டுக்கும் அந்தப் பேணியோடதான் போவா."

இப்போது விடுதி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சிவம் அண்ணை கனடாவில் இருந்துகொண்டு அங்கத்தைய கிழங்கை முகர்கிறார். பேணி எங்கே போனதென்று மகனுக்கும் தெரியாது. ஒரு வெள்ளி இருட்டில் அவர் எழுதிய அந்த ஒற்றைத் தாள் நீதிமன்றக் கோப்புகளோடு எப்போதோ அரைபட்டுப் போயிருக்கும். அதை விளக்கில் பிடித்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான். வாசிக்கத் தெரியாமல், சந்தேகப்பட மட்டும் தெரிந்து.