ஏழாம் நம்பர் சட்டை போட்டவர்கள்

உங்கள் இரண்டு பேருக்காகவும் இதை எழுதி வைக்கிறேன். இதில் யாருடைய பெயரும் இருக்காது. ஒரு தடவை பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்துத்தான் லீக்கில் நம் பள்ளியின் இடம் போனது. அதிலிருந்து ஒரு காகிதத்தில் பெயர் எழுத வேண்டுமென்றாலே கை தயங்குகிறது. யார் யாரென்று உங்களுக்குத் தெரியும். அது போதும்.

நான் மூன்றாம் படிவம் வரை படித்தவன். செம்பனை எண்ணெய் ஆலைக்கு லாரி ஓட்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

ரெங்கம் ஊரிலிருந்து உள்ளே போய், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த நம் தமிழ்ப் பள்ளியில் அப்போது மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். நம் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகள் பத்து சேர்ந்து சனிக்கிழமைகளில் ஒரு கால்பந்து லீக் நடத்தின. அணிக்கு ஏழு பேர். நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை, பையன்களும் பெண்களும் கலந்து ஆடலாம். அந்த வகுப்புகளில் நம்மிடம் இருந்தது ஆறே பேர். நாலு பையன்கள், இரண்டு பெண்கள். கோல் காத்தது நீதான், மகளே. தம்பி, நீ இரண்டாம் ஆண்டு. தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஓடுவாய், ஆடுகிறவர்களைவிட நீதான் அதிகம் வியர்த்திருப்பாய்.

ஆறு பேரை வைத்து எப்படி ஏழு பேர் ஆட்டம் ஆடினோம்? இரவல் வாங்கினோம். லீக்கில் அது ஒரு வழக்கம், யாரும் சட்டமாக எழுதியது கிடையாது. ஆள் குறைந்த அணிக்கு எதிர் அணியே ஒரு பிள்ளையைக் கொடுக்கும். அந்தப் பிள்ளை நம் சட்டையைப் போட்டு நமக்காக ஆடும். ஆட்டம் முடிந்ததும் இரவல் வாங்கியவர்களின் சாப்பாட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் தன் பள்ளிப் பிள்ளைகளிடம் போகும். நம்முடைய மஞ்சள் சட்டையில் ஏழாம் நம்பர் அதற்கென்றே இருந்தது. உங்கள் அம்மா அதைத் துவைத்துத் தனியாக மடித்து வைப்பாள். திடலில் போய் இறங்கியதும் எதிர் அணியைப் பார்த்து நீங்கள் எல்லாரும் கத்துவீர்கள்:

"இன்னைக்கு யாரு ஏழு?"

பட்டணத்துப் பெரிய பள்ளியோடு ஆடிய நாள் நினைவிருக்கிறதா? அவர்கள் ஒல்லியாக, இடது காலால் உதைக்கிற ஒரு பையனைக் கொடுத்தார்கள். இரவல் பிள்ளைகள் பொதுவாகத் தங்கள் பள்ளிக்கு எதிராகக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுவார்கள். இவனுக்கு அதெல்லாம் தெரியவில்லை. கடைசி நிமிடத்தில் தன் பள்ளிக்கு எதிராகவே ஒரு கோல் போட்டு நம்மை ஜெயிக்க வைத்துவிட்டு, நடுத் திடலில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான்.

"டேய், யாருக்குடா போட்ட நீ?" என்று அவன் பள்ளிப் பையன் ஒருவன் கத்தினான்.

"பந்து வந்துச்சு, போட்டேன்லா. நான் என்னா பண்றது?"

அன்றைக்கு உங்கள் அம்மா பிரட்டிய பீஹூன் சேமியாவை அவன் மூன்று தட்டு சாப்பிட்டான். ஏழாம் நம்பர் சட்டையில் மிளகாய்ச் சம்பல் கொட்டினான். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

அடுத்த வருடத் தொடக்கத்தில் சேதி வந்தது. பத்துப் பள்ளிகள் கூடாது, ஆறு போதும். ரயில் மாதிரி நீண்டு கிடக்கும் லீக்கைச் சுருக்கி, பலமான பள்ளிகளை மட்டும் வைத்து நடத்தினால் ஜெர்சி வாங்கித் தர, ரெஃப்ரிக்குச் செலவு செய்ய ஆள் கிடைப்பார்கள் என்றார்கள். எந்த ஆறு என்று பேச, பள்ளிக்கு ஒருவர் வர வேண்டும். கூடவே நிரப்பிக் கொடுக்க ஒரு பாரம். எத்தனை பிள்ளைகள், சொந்தத் திடல் உண்டா, போன வருடம் எத்தனை வெற்றி, அணியில் ஆடியவர்கள் யார் யார்.

தலைமையாசிரியை பாரத்தை என் கையில் கொடுத்தார். "நீங்களே எழுதிருங்க. எல்லா ஆட்டத்துக்கும் போனது நீங்கதான்."

அதை நான் மூன்று நாள் எழுதினேன். மகளே, நீ அந்த வருடம் ஆறாம் ஆண்டு. உனக்கு அது கடைசி வருடம். சமையலறை மேசையில் நான் எழுதும்போது எதிரில் உட்கார்ந்து, "அப்பா, இடம் கெடைக்கும்ல? கெடைக்கும்ல?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கையுறை இரண்டையும் மேசையில் வைத்திருந்தாய், நான் மறந்துவிடக் கூடாது என்பதுபோல.

"மூணு ஆட்டம் ஜெயிச்சிருக்கோம். கெடைக்கும் அம்மாடி," என்றேன்.

கூட்டம் பட்டணத்துப் பள்ளியின் கெண்டினில் நடந்தது. பத்துப் பேர், பத்து கிளாஸ் தேத்தண்ணீர். லீக்கின் தலைவர்தான் நடத்தினார். அவர் அந்தப் பட்டணத்துப் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்காரர், சிங்கப்பூரில் வேலை. வாரத்தில் ஆறு நாள் இருட்டில் பாலம் தாண்டிப் போய் இருட்டில் வருகிறவர். கிடைக்கிற ஒரு நாளையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

"லீக்குன்னா லீக் மாதிரி இருக்கணும்," என்றார். "ஒம்பதுக்குப் பூஜ்யம்னு தோத்துட்டு வீட்டுக்குப் போற புள்ளைக்கு என்னாங்க சந்தோசம்?"

"தோத்தாலும் வேன்ல பாடிக்கிட்டுத்தான் போவுதுங்க தலைவரே," என்றார் கோத்தா திங்கிப் பக்கத்து ஆற்றோரப் பள்ளியிலிருந்து வந்திருந்த ஒரு தாயார். "எங்க திடல்ல பாதி வருசம் மீனுங்கதான் வெளையாடுது. தண்ணி வடிஞ்சா எங்க புள்ளைங்க. அதுக்காக எங்களுக்குத் திடல் இல்லன்னு எழுதிடாதீங்க."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பில் யாரும் விட்டுக் கொடுக்கிற மாதிரி இல்லை. ஐந்து இடம் சீக்கிரம் முடிவானது. மூன்று பள்ளிகள் தங்களுக்கு ஆள் பத்தாது என்று தாமே விலகிக்கொண்டன. மிச்சம் ஓர் இடம். அதற்கு நாம், அல்லது அந்த ஆற்றோரப் பள்ளி. அவர்களுக்கு ஒரு வெற்றி, நமக்கு மூன்று. தலைவர் நம் பாரத்தைக் கையில் எடுத்தபோது நான் மனசுக்குள் உன்னிடம் சொல்லியே விட்டேன், கிடைத்துவிட்டது என்று.

அவர் பெயர்களைச் சத்தமாக வாசித்தார். முதல் ஆறும் நம் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள். பிறகு ஏழு, எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டே இருந்தது. பதினொன்றாவது பெயரில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என் மகன் பேருல்ல?"

பாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஆமாங்கண்ணே," என்றேன். "உங்க மகன்தான். நல்லா வெளையாடுனாரு. அந்தக் கடைசிக் கோலு அவரு போட்டதுதான்."

"எங்க ஸ்கூலுக்கு எதிராவா?"

"ஆமாங்க."

"அலமாக்! அன்னிக்கு எனக்கு ஓவர்டைம். யாரோ தோட்டத்துப் பையன் போட்டான்னுதானே சொன்னான் எங்கிட்ட!"

அப்போது எழுந்த சிரிப்பில் தேத்தண்ணீர் கிளாஸ் ஒன்று கவிழ்ந்தது. அவரும்தான் சிரித்தார். சிரித்து முடித்தபின் பாரத்தை மறுபடி பார்த்தார். சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"அண்ணே, அணியில ஆடுனவங்க பேருதானே கேட்டோம். ஏன் இத்தன பேர எழுதுனீங்க?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "எல்லாரும் எங்க சட்டையைப் போட்டு ஆடுனாங்கல்ல. எங்க சட்டையைப் போட்டா எங்க புள்ளதானேங்க."

அதுதான் நான் செய்த தப்பு. ஆறு பெயரோடு யாராவது ஒரு சின்ன வகுப்புப் பிள்ளையின் பெயரைச் சேர்த்து ஏழு என்று மூடியிருக்கலாம். வேறு பள்ளிகள் அப்படித்தான் எழுதியிருந்தன என்று பின்னால் தெரிந்தது. நமக்கு ஆடுகிற வயதில் ஏழாவது பிள்ளையே கிடையாது என்பது ஒரு பக்கம். எனக்கு அது தோன்றவே இல்லை என்பது இன்னொரு பக்கம். சனிக்கிழமை வெயிலில் நமக்காக ஓடிய ஒவ்வொரு பிள்ளைக்கும் நன்றி சொல்வதாக நினைத்துத்தான் நான் எழுதினேன்.

"அப்போ இவங்ககிட்ட சொந்தமா ஏழு பேரு கெடையாது," என்றார் தலைவர். குரல் தாழ்ந்திருந்தது. "எழுத்துல வந்துருச்சுண்ணே. இனிமே நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது."

ஆறாவது இடம் ஆற்றோரப் பள்ளிக்குப் போனது. அதோடு நிற்கவில்லை. இனி இரவல் ஆட்டக்காரர் கூடாது, ஏழு பேர் இல்லாமல் வந்தால் ஆட்டம் எதிர் அணிக்கு என்று புதுச் சட்டமும் எழுதினார்கள். பத்துப் பள்ளிகளும் வாய் திறக்காமல் வைத்திருந்த ஒரு நல்ல வழக்கத்தை நான் ஒரு பேனாவால் முடித்து வைத்தேன்.

வெளியே வரும்போது அந்தத் தாயார் என் பக்கத்தில் வந்து நின்றார். "கோவமா அண்ணே?"

"இல்லம்மா. உங்க புள்ளைங்களும் தண்ணி வடியிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கிறவங்கதானே."

பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. "எல்லார் பேரையுமா எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டாய். ஆமாம் என்றேன். கையுறையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாய். மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அம்மா, "சின்னப் புள்ள, விடுங்க," என்றாள். நான் விட்டேன். ஆனால் என் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. இதை அப்போது உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

லீக் தொடங்கிய முதல் சனிக்கிழமை, பட்டணத்துத் திடலில் ஆட்டம் என்று கேள்விப்பட்டு நீயே வந்து கேட்டாய். "அப்பா, பாக்கப் போலாமா?" நீ பேசியதே பெரிது என்று உடனே கிளம்பினேன். தம்பியும் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தான், யாருக்குத் தண்ணீர் கொடுக்கப் போகிறோம் என்று தெரியாமலே. உன் பை கொஞ்சம் உப்பியிருந்தது. நான் கேட்கவில்லை.

பட்டணத்துப் பள்ளிக்கு எதிராக அன்று சாஆ என்ற ஊரிலிருந்து ஒரு தோட்டப் பள்ளி வந்திருந்தது. வேனிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். எண்ணிப் பார்த்தால் ஆறு பேர். கோல் கீப்பருக்கு விடியற்காலையில் காய்ச்சல். மாற்று ஆள் இல்லை. அவர்களோடு வந்த ஆசிரியர் முகம் சுண்டிப்போய் நின்றார். பிள்ளைகள் அவ்வளவு தூரம் வந்த களைப்பில் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தார்கள்.

ரெஃப்ரி தலைவரைப் பார்த்தார். தலைவர் தான் எழுதிய சட்டத்தைப் பார்த்தார், அதாவது கையிலிருந்த காகிதத்தை. அப்போது அவருடைய மகன், அந்த இடது கால்காரன், நடுத் திடலில் நின்றுகொண்டு வழக்கம்போல் கத்தினான்:

"இன்னைக்கு யாரு ஏழு?"

பாவம், அவனுக்குச் சட்டம் தெரியாது. அல்லது தெரிந்துதான் கத்தினானோ என்னவோ.

தலைவர் நெடுநேரம் தலையைச் சொறிந்தார். பிறகு காகிதத்தில் எழுதினார். "வெற்றி எங்களுக்கு. மூணு பாயிண்ட். லீக் ஆட்டம் முடிஞ்சிருச்சு," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டார். "இப்போ வெளையாடுங்கடா. இவ்ளோ தூரம் வந்துட்டு சும்மாவா போவாங்க?" என்றவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அண்ணே, உங்க கீப்பரக் கொஞ்சம் கொடுக்கிறீங்களா?"

நான் உன் பக்கம் திரும்பினால் நீ அங்கே இல்லை. ஏற்கெனவே பையைத் திறந்திருந்தாய். கையுறை. அதற்கு அடியில் ஏழாம் நம்பர் மஞ்சள் சட்டை, சம்பல் கறையோடு.

சாஆ பிள்ளைகளுக்கு நீலச் சட்டை. ஆனால் கோல் காக்கிறவர் வேறு நிறம்தானே போட வேண்டும். அதனால் மஞ்சள் சரிதான். நம் பள்ளியின் சட்டை அந்தத் திடலில் மறுபடியும் ஓடியதை அன்று நான் பார்த்தேன். நீ நாலு கோல் விட்டாய், அது உண்மை. அந்த இடது கால்காரன் உதைத்த ஒன்றை மட்டும் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் கிடந்தாய். தம்பி கோட்டைத் தாண்டித் தண்ணீரோடு ஓடி ரெஃப்ரியிடம் திட்டு வாங்கினான்.

ஆட்டம் முடிந்ததும் சாஆக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நீயும் மறு பேச்சில்லாமல் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

அந்த ஆட்டம் லீக் கணக்கில் இல்லை. நீ ஆடியதற்கு எந்தக் காகிதத்திலும் சாட்சி கிடையாது. அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன். இப்போது நீ இரண்டாம் படிவம் போய்விட்டாய். தம்பிக்கு அந்தச் சட்டை இன்னும் கொஞ்சம் பெரிது.

அன்று திரும்பி வரும்போது வண்டியில் நீ என் தோளில் சாய்ந்துகொண்டாய். பல நாளுக்குப் பிறகு.

"அப்பா, அவங்க புளிச்சோறு நம்ம அம்மா பீஹூனவிட நல்லாருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். ஆனால் இதையும் எழுதிவிட்டேன், மகளே. உன் அப்பாவுக்கு விட்டுவிட்டு எழுதத் தெரியவில்லை.