இலை ஊறட்டும்

அவசர ஊர்தி அழைப்பு மையத்தில் அவளுக்குப் பெயர் பம்பரம். பத்தொன்பது வருஷமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதறுகிறவர்களிடம் முகவரி கேட்டு வண்டி அனுப்புகிறவள். நாற்காலி இருந்தும் பாதி நேரம் நின்றபடிதான் பேசுவாள். வீட்டிலும் அதே கதைதான். சாப்பிடுவது அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு. பல் துலக்கியபடியே துணி மடிப்பாள். இப்படிப்பட்டவள் கையில் நல்ல தேயிலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? வெந்நீரை ஊற்றிய கையோடு வடிகட்டியையும் எடுத்துவிடுவாள். “டீயா இது? தேயிலையைத் தூரத்துல இருந்து காட்டின வெந்நீர்,” என்பார் கணவர். சொல்லிவிட்டுக் குடித்தும் விடுவார், பாவம்.

ஒரு ஞாயிறு மாலை அக்கா வந்து நின்றாள். இரண்டு வருஷம் கழித்து வருகிறாள். பம்பரத்துக்கு அவள் முகத்தை நேராகப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

காரணம் இருந்தது. அக்காவின் கணவருக்கு நெஞ்சு வலி வந்தபோது அக்கா அழைத்தது தங்கையின் கைபேசியைத்தான். “நாலு நிமிஷத்துல வண்டி வந்துரும்கா,” என்று இவள் சொன்னாள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி போய்ச் சேரப் பதினோரு நிமிஷம் ஆனது. மாமா பிழைக்கவில்லை. அதன்பிறகு அக்கா இந்த வீட்டுப் படி ஏறவில்லை. நாலு என்று வாய் விட்டதை அக்கா மன்னிக்கவில்லை என்றே பம்பரம் நினைத்திருந்தாள். இன்று எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். ஆனால் வாயில் வந்தது, “டீ போடட்டுமாக்கா?”

“போடு. இலை ஊறட்டும். உன் அவசரத்தை அதுகிட்டயும் காட்டாதே.”

அக்கா சமையலறைக்கே வந்துவிட்டாள். பம்பரம் பீங்கான் கெண்டியில் வெந்நீர் விட்டு அலசினாள்; ஆளுக்கொரு கரண்டி தேயிலை போட்டு, கொதித்து அடங்கிய நீரை ஊற்றி மூடினாள். இனி செய்ய ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டம். துடைத்த மேடையையே மறுபடி துடைத்தாள். கோப்பைகளை இடம் மாற்றினாள், திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தாள். கை தானாக மூடியிடம் போனது.

“திறக்காதே,” என்றாள் அக்கா.

“அக்கா, அன்னைக்கு நான் நாலு நிமிஷம்னு சொன்னது...”

“அன்னைக்கு நானும் இப்படித்தான் நின்னுட்டிருந்தேன்.” அக்கா கெண்டியைப் பார்த்தே பேசினாள். “நெஞ்சைப் பிடிக்குதுன்னு அவர் உள்ள இருந்து சொன்னாரு. வாயுவா இருக்கும், சூடா டீ குடிச்சா சரியாயிடும்னு சொல்லிட்டு, இலை ஊறட்டும்னு காத்திருந்தேன். வடிகட்டி எடுத்துட்டுப் போனப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். உனக்குப் போன் பண்ணினதே அதுக்கப்புறம்தான். ஆனா வண்டி லேட்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் உன் மூஞ்சியில முழிக்க முடியலடி.”

பம்பரம் கையிலிருந்த துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள். இரண்டு வருஷம் யார் மீது யார் கோபமாக இருந்தது என்றே புரியவில்லை. கெண்டிக்குள் தேயிலை கசப்பேறிக்கொண்டிருந்தது. இருவருமே அதை வடிக்கவில்லை.

“நீ இந்த வேலையில இருக்கிறவ. சொல்லு. உடனே கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பாரா?”

தெரியாது என்பதுதான் உண்மை. சிலர் பிழைக்கிறார்கள், சிலர் போய்விடுகிறார்கள்.

“இல்லைக்கா. எப்படியும் போயிருப்பாரு,” என்றாள் பட்டென்று.

அக்கா அவளையே உற்றுப் பார்த்தாள். “சின்ன வயசுல இருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பரவாயில்லை. இன்னொரு தடவை சொல்லு.”

பம்பரம் சொன்னாள்.