இடுப்பு உயரத்தில் ஒன்றுமில்லை

எங்கள் பால்கனியில் நின்றால் இப்போது மேம்பாலத்தில் போகிற பஸ்ஸின் நம்பர்கூடத் தெரியும். பக்கத்து ஃப்ளாட்டை விற்க ஆள் கூட்டி வருகிற புரோக்கர் இதைத்தான் முதலில் காட்டுகிறார். "ஓப்பன் வியூ சார். எலெக்ட்ரானிக் சிட்டில இந்த மாதிரி எங்க தேடினாலும் கிடைக்காது" என்கிறார். போன வாரம்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு வந்த எரிச்சலில் நியாயமே இல்லை. அந்த வியூவைத் திறந்துவிட்டவன் நான்தான்.

பால்கனிக்குக் கீழே, காம்பவுண்டை ஒட்டி ஒரு சி.ஏ. சைட் இருக்கிறது. லேஅவுட் போடும்போது பள்ளிக்கூடத்துக்கோ பூங்காவுக்கோ என்று பொதுவில் விட்டுவைக்கிற மனை. நாங்கள் குடிவந்து பத்து வருஷம் ஆகியும் இரண்டும் வரவில்லை. நான்கு புங்கமரம், ஒரு வேம்பு, அவற்றுக்கு அடியில் ஆள் நுழைய முடியாதபடி உண்ணிச்செடி. நடுநடுவே ஆமணக்கு, எல்லாவற்றின் மேலும் ஏறிக்கிடக்கிற கோவைக்கொடி. அதற்குள் ஒரு தவிட்டுக்குருவிக் குடும்பம் இருந்தது. மொத்தம் ஒன்பது.

தவிட்டுக்குருவியை யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். அழுக்குத் துணியின் நிறம், வெளிறிய கண், எந்நேரமும் யார் மேலோ குறை சொல்கிற குரல். தனியாகப் போகாது, தூரமாகவும் பறக்காது. காலை ஏழு மணிக்குப் புதரிலிருந்து தரைக்கு இறங்கி, சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். ஒன்று வாயைத் திறந்தால் ஒன்பதும் திறக்கும். "வாங்க, உங்க அசோசியேஷன் மீட்டிங் ஆரம்பிச்சிட்டாங்க" என்று மனைவி டீயோடு வந்து கூப்பிடுவாள். எண்ணிவிட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்புவேன். சீக்கிரம் கிளம்ப வேண்டிய நாளில் கேட் அருகே கேபுக்குக் காத்திருக்கும்போது அண்ணாந்து பார்ப்பேன். அவள் பால்கனியிலிருந்து விரலால் கணக்குச் சொல்வாள். ஒன்பதுக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காட்டுவாள்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு அறிவு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு ஏரிகளைச் சுற்றுகிற கூட்டத்தில் சேர்ந்து, உண்ணிச்செடியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டிலிருந்து பூச்செடியாகக் கொண்டுவந்தது, காடு காடாகப் பரவி நம் செடிகளை அமுக்கிவிட்டது, அதை ஒழிக்காமல் விமோசனமில்லை. எல்லாம் உண்மைதான். அரைகுறையாகத் தெரிந்துகொண்டவனுக்கு வருகிற உற்சாகம் முழுசாகத் தெரிந்தவனுக்கு வராது போலிருக்கிறது. கம்பெனியில் மதிய இடைவேளையில் ஸ்லைடு போட்டுப் பேசினேன். உண்ணிச்செடிப் படத்தின் மேல் பெரிதாகச் சிவப்புப் பெருக்கல் குறி. நன்றாகக் கைதட்டினார்கள்.

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு நாள் சமூகசேவை உண்டு. எங்கே போகலாம் என்று கேட்டபோது, யாரும் என் பக்கம் திரும்புவதற்கு முன்பே, "என் வீட்டுப் பக்கத்துலயே ஒரு இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அசோசியேஷன் செக்ரட்டரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேங்கில் வேலை பார்த்து ரிட்டயரானவர், கன்னடக்காரர், என்னோடு தமிழில் பேச முயற்சி செய்வார். அந்தப் புதருக்குள் பாம்பு இருக்கிறது என்று மீட்டிங்குக்கு மீட்டிங் யாராவது அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். தயங்கிய ஒரே ஆள் எங்கள் தோட்டக்காரர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். "எல்லாத்தையும் ஒரே நாள்லயா சார்? பாதிய இப்ப எடுப்போம், மீதிய அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அவருக்குக் குப்பையை அள்ளி முடியாதே என்ற கவலை. "பாதி விட்டா வேர் விட்டு மறுபடி வந்துடும்" என்று ஸ்லைடு போட்ட அதே குரலில் அவருக்கும் பாடம் நடத்தினேன். அந்த மனுஷன் சோம்பலில் சொன்னதைக் கேட்டிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

நாற்பது பேர், ஒரே நிற டீஷர்ட், கையுறை, இட்லி வடைப் பொட்டலம். மதியத்துக்குள் ஒரு செடி பாக்கியில்லை. எடுத்தது எடுத்தாயிற்று, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மரங்களின் கீழ்க்கிளைகளையும் கழித்தார்கள். வரிசையாகப் பத்து மரக்கன்று வைத்தோம். சில வாரத்தில் செக்ரட்டரி புல்தரை போட்டார். நடுவில் நான் மண்வெட்டியோடு சிரிக்கிற போட்டோ கம்பெனி லிஃப்டில் இரண்டு மாதம் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை தவிட்டுக்குருவிகள் வந்தன. எங்கேயோ இரவு தங்கிவிட்டு, வெறும் செம்மண்ணில் இறங்கிக் கொத்திக்கொண்டிருந்தன. திடீரென்று ஒன்று அபாயக் குரல் கொடுத்தது. ஒன்பதும் தலை தெறிக்க ஓடிப் பறந்து, நேற்றுவரை புதரின் நடு இருந்த இடத்துக்குப் போய் நின்றன. அங்கே ஒன்றுமில்லை. வெட்டவெளியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. "எங்க போறதுன்னு தெரியலைங்க அதுங்களுக்கு" என்று மனைவி மெதுவாகச் சொன்னாள்.

மேலே, கழித்ததில் மிஞ்சிய புங்கக் கிளையில் ஒரு வைரி உட்கார்ந்திருந்தது. புறா அளவேயான வேட்டைப் பறவை. அது புதிதாக வரவில்லை, முன்பும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. முன்பு அதற்கு இலைக்கும் முள்ளுக்கும் நடுவில் ஒன்றும் தெரியாது. இப்போது நாங்கள் உட்காரக் கிளையும், பார்க்கத் தெளிவான தரையும் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தோம்.

நான் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்து பிழைக்கிறவன். புரோகிராமில் ஒரு வரியை எடுத்தால் வேறெங்கே உடையும் என்று பார்க்காமல் ஜூனியர் யாராவது கை வைத்தால் நாலு பேர் நடுவில் வைத்துத் திட்டுவேன். உண்ணிச்செடி கெட்ட செடிதான். ஆனால் அந்த மனையில் இடுப்பு உயரத்தில் இருந்தது அது ஒன்றுதான். அதை எடுக்கும் முன்னால் அதே உயரத்துக்கு நம் செடி நாலையாவது வளர்த்திருக்க வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்க வேண்டும். இது தெரியாத விஷயமில்லை, எனக்குத் தோன்றாத விஷயம். தரைத்தளத்தையும் மொட்டைமாடியையும் விட்டுவிட்டு நடுவில் இருந்த மாடிகளை இடித்துத் தள்ளினோம், குடியிருந்தவர்கள் நடுமாடிக்காரர்கள்.

அந்தப் புதரில் நடமாடிய செம்போத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. தையல்சிட்டும் போய்விட்டது. புல்தரைக்கு மைனாவும் காகமும் வந்தன, புறா வந்தது. "இப்பத்தான் சார் பறவைங்க நல்லா வருது" என்றார் செக்ரட்டரி. எண்ணிக்கையைப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பது எட்டானது. ஒரு மாதத்தில் ஆறு. நான் பால்கனியில் நின்று கையைத் தட்டி வைரியை விரட்டினேன். எதிர் பிளாக்கில் யாரோ என்னை வீடியோ எடுத்தார்கள். "அதுவும் சாப்பிடணும்ல, அது மேல ஏன் கோபப்படறீங்க?" என்றாள் மனைவி. பிறகு யார் மேல் படுவது என்பதற்குப் பதில் எனக்கே தெரியும்.

மீட்டிங்கில் எழுந்து, மூலையில் ஒரு பத்தடி இடம் கொடுங்கள், நொச்சி, ஆடாதோடை, களாச் செடி வைத்துப் புதராக வளர விடலாம் என்று கேட்டேன். செக்ரட்டரி கோபப்படவே இல்லை. கிளப் ஹவுஸ் டிவியில் போனை இணைத்து அனுமதி கேட்டபோது நான் அனுப்பியிருந்த பழைய ஸ்லைடைப் போட்டார். சிவப்புப் பெருக்கல் குறி, கீழே என் வாசகம்: புதரை ஒழிப்போம், மரம் வளர்ப்போம். "நீவே ஹேளித்ரி அல்வா சார்? நீங்களே சொன்னதுதானே? மரம் வேணும்னா இன்னும் பத்து வைக்கலாம். புதர் பேடா சார், வேண்டாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மரம் என்ற சொல்லே வெறுத்துப்போனது. யாரைக் கேட்டாலும் மரம். எத்தனை நட்டீர்கள் என்ற ஒரே கேள்வி. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க ஒருவருக்கும் முதுகு வளையாது.

கடைசியில் தோட்டக்காரரிடம்தான் போனேன். கழிக்கிற கிளைகளை வண்டியில் ஏற்றாமல் மூலைச் சுவரோரம் போட்டுவையுங்கள் என்றேன். "அள்ளாம விட்டா எனக்குப் பாதி வேலை மிச்சம் சார்" என்று உடனே ஒத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் இடுப்பு உயரத்துக்குக் குவியல் எழும்பியது. கோவைக்கொடி தானாக வந்து ஏறியது. அதற்குள் தவிட்டுக்குருவிகள் நான்காகிவிட்டிருந்தன. குவியல் வந்தபின் நான்கு நான்காகவே நின்றது. அபாயக் குரல் கேட்டால் நான்கும் அதற்குள் புகுந்துவிடும். வைரி கிளையில் காத்திருந்து சலித்துப்போய்க் கிளம்பும். நான் கேட் அருகே நின்று அண்ணாந்தால் மனைவி ஒரு கையால் நான்கு காட்டுவாள், டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதில்லை.

அடுத்த சமூகசேவை நாள் வந்தது. அதே இடத்தில் தொடர்ச்சி வேலையாம், நான்தான் பேச வேண்டுமாம். தோட்டக்காரர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். குவியலைத் தொடக் கூடாது என்று ஏற்பாடு செய்தவர்களுக்கு மெயில் போட்டேன், அதை எத்தனை பேர் படித்தார்களோ. ஒரு கிளையண்டோடு போன் பேசி முடித்துவிட்டுப் பத்து மணிக்கு நான் இறங்கிப் போனபோது மூலை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. வேலையை முன்னின்று நடத்திய பெண் ஓடி வந்து, "சார், அந்தக் கார்னரைத்தான் ஃபர்ஸ்ட் முடிச்சோம்" என்றாள். முகமெல்லாம் வேர்வையும் பெருமையும். அவளுக்குப் பின்னால் என் போட்டோ போட்ட பேனர். நான் யாரைத் திட்டுவது?

அதே மூலையில், நிழல் இருக்கிறதென்று, நினைவுப் பரிசு அடுக்கிய மேஜையைப் போட்டிருந்தார்கள். கல்யாண வீட்டு மேஜை. தரைவரை தொங்குகிற வெள்ளைத் துணி, சுற்றிலும் கொசுவம். பரிசு கொடுக்கிற நேரத்தில் அபாயக் குரல் கேட்டது. நான்கு தவிட்டுக்குருவியும் புல்தரையில் ஜனங்களின் கால்களுக்கு நடுவே ஓடி வந்து துணிக்கு அடியில் புகுந்தன. கூட்டம் ஆரவாரம் செய்தது. "குருவிங்களுக்கே சாரைத் தெரியுது!" என்றார் ஒருவர். வேம்பில் வைரி உட்கார்ந்திருந்தது. பால்கனியில் மனைவி இரு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மைக் என் கையில் வந்தது. நான் எப்போதும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாதவன். அன்று நிறுத்தவே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்வரை மேஜை அங்கேயே இருக்கும் என்பதால் பேசினேன். நன்றி சொல்லி முடித்து, மழை பற்றிப் பேசி, எல்லாம் தீர்ந்துபோனபின் உண்மையைச் சொன்னேன். போன தடவை நான் சொன்னது தப்பு, இங்கே ஒன்பது இருந்தன, இப்போது நான்குதான், அந்த நான்கும் இந்த மேஜைக்கு அடியில் இருக்கின்றன என்றேன். சிலர் குனிந்து போட்டோ எடுத்தார்கள். வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கைதட்டினார்கள். செக்ரட்டரி என் தோளைத் தட்டி, "ஸ்பீச் சூப்பர் சார்" என்றார். ஐந்து நிமிஷத்தில் இடம் காலியாகிவிட்டது.

மேஜையை வாடகைக்குக் கொடுத்த ஷாமியானாக்காரர் வந்து அதன் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் இருங்க, கீழ குருவி இருக்கு" என்றேன்.

"குருவிதானே சார், பறந்துடும். மூணு மணிக்கு ஒரு ரிசப்ஷனுக்கு இந்த டேபிள் போயாகணும்."

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டேன். அவரும் இரண்டு நிமிஷம் நின்றார், நல்ல மனுஷன்தான். வைரி அசையவில்லை. அவர் மணியைப் பார்த்தார். நான் கையை எடுத்தேன்.

மேஜை மேலே போனதும் நான்கும் சுவரை நோக்கி ஓடின. எனக்குப் பின்னால் இறக்கைச் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அண்ணாந்து மனைவியைப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் கம்பியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பிறகு மூன்று விரலைக் காட்டினாள்.