கொழுந்துக்காரிக்கு ஏது கொதிப்பு?

பிள்ளை பெறுவது பெண்கள் வேலை, பெறவைப்பது என் வேலை. அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது மட்டும் தோட்டத்தில் உள்ள அத்தனை பேருடைய வேலை. இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் நடுவே, பஸ் போகும் பாதையிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அறுபதாம் ஆண்டையொட்டி, நான் மருத்துவச்சியாக இருந்தேன். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த ஆட்கள் முகத்துக்கு நேரே நர்ஸம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னார்கள் என்பது போகப் போகத் தெரியும். அடுத்தவர் உடம்பு நன்றாயிருக்கட்டும் என்று ஓடி, அதற்காகவே அந்த அடுத்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இதை வாசித்தால், வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க. உங்களுக்குத்தான் இது விளங்கும்.

துரையின் பெட்டி

நான் சேர்ந்த மறுவருஷம் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மூடியில் பாதரசக் குழாய், உள்ளே கையில் சுற்றும் துணிப்பட்டை, அமுக்கினால் காற்றடிக்கும் ரப்பர் பந்து. இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது, இரத்தக் கொதிப்பு என்று சொல்ல வேண்டும். தோட்டத்தை நடத்தும் எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கு அந்தக் கொதிப்பு இருந்தது. வாராவாரம் அவருக்குப் பார்க்கத்தான் பெட்டி. மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சரை எல்லோரும் டாக்கரய்யா என்போம். அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

எனக்கு அந்தப் பெட்டி மேல் கண். காரணம் இருந்தது. முந்தின வருஷம் தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி என் மடியிலேயே வலிப்பு வந்து செத்துப்போனாள். இரண்டு வாரமாகத் தலைவலி, கால் வீக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். கொதிப்பு ஏறியிருந்திருக்கும், அளந்து பார்க்க என்னிடம் ஒன்றுமில்லை. பேய் அடித்துவிட்டது என்று சொல்லி அடக்கம் பண்ணிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்காமல் போனது. இன்னொருத்தியை அப்படிப் பறிகொடுக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம்.

"பிள்ளைத்தாச்சிகளுக்கும் மாசம் ஒருதரம் பார்த்துடலாமேங்க" என்று டாக்கரய்யாவிடம் கேட்டேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "கொதிப்பு வர்றதுக்கும் ஒரு தகுதி வேணும் நர்ஸம்மா."

ரெண்டு ஆளுக்கு அடிக்கிற நெஞ்சு

கொழுந்து கிள்ளும் மாரியாயிக்கு அப்போது ஐந்து மாதம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் குந்தியிருந்தவள், பேர் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்தாள், எழுந்த வேகத்தில் சாய்ந்துவிட்டாள். வேலை பிரிக்கும் கண்டாக்கையா, "நாடகம், நல்ல நாடகம்" என்று கைதட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடியைப் பிடித்தேன், தொண்ணூற்றாறு. பிள்ளை தங்குமுன் எழுபத்தைந்தில் ஓடிக்கொண்டிருந்த நாடிதான்.

அங்கேயே நின்று கண்டாக்கையாவுக்குப் பாடம் நடத்தினேன். பிள்ளை தங்கினால் உடம்பில் இரத்தம் கூடும், அதைச் சுற்றியனுப்ப நெஞ்சு வேகமாக அடிக்கும். இரத்தக் குழாயெல்லாம் தளர்ந்து கொடுப்பதால் நடு மாதங்களில் அழுத்தம் இறங்கும், சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். ஒரு ஆளுக்கு அடித்த நெஞ்சு இப்போது ரெண்டு ஆளுக்கு அடிக்கிறது, அதனால் லேசான வேலை கொடுங்கள் என்று முடித்தேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன் தெரியுமா! மனுஷன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "ரெண்டு ஆளுக்கு அடிக்குதுன்னா, ரெண்டு ஆள் கொழுந்து எடுக்கணுமே, ஏன் ஒரு கூடைதான் வருது?"

ஸ்பிரிட் அடுப்பு

பெட்டி கிடைக்காவிட்டால் போகட்டும், எனக்கு இன்னொரு வழி தெரியும். கொதிப்பு கெட்ட விதமாக ஏறினால் சிறுநீரில் வெள்ளைக்கரு மாதிரி ஒரு சத்து இறங்கும். கண்ணாடிக் குழாயில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினால் கலங்கிவிடும். ஆகவே மாதாமாதம் ஆளுக்கொரு போத்தலில் கொண்டு வரச் சொன்னேன். அவ்வளவுதான். நர்ஸம்மா மூத்திரம் காய்ச்சுது என்று பத்து லயத்திலும் பேச்சு. ஒரு வாரத்துக்கு எந்த வீட்டிலும் எனக்குத் தேத்தண்ணி தரவில்லை; கொடுத்தால் அந்தப் பாத்திரத்திலும் அதையே காய்ச்சிவிடுவேனோ என்று பயம்.

மாரியாயியின் மாமியார் காத்தாயி ஒருநாள் வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். எட்டாம் மாதத்து மருமகளின் போத்தலிலிருந்து குழாயில் விட்டது விளக்கின் மேல் இருந்தது. என்ன பண்றீங்க என்றாள். கொதிப்பு இருக்கா என்று பார்க்கிறேன் என்றேன். குழாய் மெல்லக் கலங்கி வெளுத்தது. காத்தாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடுப்புல வச்சா எதுதாங்க கொதிக்காது? பச்சத்தண்ணியும்தான் கொதிக்குது!"

மெசின் பழுது

உடனே மாரியாயியைக் கூட்டி வரச் சொன்னேன். கால் பெருத்து, விரல் உப்பி, வளையல் கையில் இறுகிக் கிடந்தது. கால் வீங்கினால் ஆம்பளைப் பிள்ளை என்று மாமியாருக்கு ஒரே பூரிப்பு. நான் டாக்கரய்யாவிடம் போய்ச் சாவி கேட்டேன். துரை கையில் சுற்றுகிற பட்டையைக் கூலிக்காரி கையில் சுற்றுவதா என்றார். அவள் கையை முழங்கைக்கு மேலே வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். இதற்கு மேல் மறுக்க வழியில்லாமல் பெட்டியைத் திறந்தார்.

நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. டாக்கரய்யா நம்பாமல் தானே ஒருதரம் பார்த்தார், அதே நூற்றெழுபது. இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சீட்டு எழுதுங்கள் என்றேன். அவர் பட்டையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து, பிணத்தைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார். "மெசின் பழுதாப்போச்சு. கொழுந்துக்காரி கையில கட்டுனா கெடாம என்ன செய்யும்?"

பீலியில் குளியல்

சீட்டு கிடைக்கவில்லை. காத்தாயியிடம் என்னால் முடிந்த மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்: உன் மருமகளுக்குக் கொதிப்பு ஏறிப்போச்சு, படுக்க வை, வேலைக்கு அனுப்பாதே, தலை வலித்தால் உடனே ஆள் அனுப்பு. மாரியாயி பாவம், முகம் சுண்டிப்போய், "நா யாரோடயும் சண்ட போடலிங்களே, எனக்கு ஏங்க கொதிக்குது?" என்றாள். நானும் அவசரத்தில் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். கொதிப்பு என்ற அந்த வார்த்தையை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று நின்று யோசித்திருக்க வேண்டாமா? என் புத்தியை என்ன சொல்ல!

மறுநாள் விடிந்தும் பனி விலகவில்லை, அவளைப் பார்க்கப் போனேன். லயத்துக்குப் பின்னால் மலைத்தண்ணி விழும் பீலிக்குக் கீழே மாரியாயியை உட்கார வைத்து, காத்தாயி குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. தலை வெடிக்குது, கண்ணு முன்னால மின்மினி பறக்குது என்று முனகினாள். எனக்கு உயிரே போய்விட்டது. செத்தவளும் இதே மின்மினியைத்தான் சொன்னாள். குடத்தைப் பிடுங்கி எறிந்து கத்தினேன், வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். காத்தாயி அசரவே இல்லை. "நீங்கதான கொதிக்குதுன்னீங்க? கொதிச்சா ஆத்த வேணாமா?"

பங்களா வாசல்

அவளைக் கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்துவிட்டுக் கண்டாக்கையாவிடம் ஓடினேன். ஹட்டனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றின லொறி நின்றது; அதில் அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன். தலைவலிக்கு லொறியா என்று சிரித்தார். அப்படியே மேட்டில் ஏறிப் பங்களா முன்வாசலுக்குப் போனேன். முன்வாசலில் எங்களைப் போன்றவர்கள் மிதிக்கக் கூடாது. நான் மிதித்தேன். துரை காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தார். கொழுந்துக்காரி ஒருத்திக்குக் கொதிப்பு, நூற்றெழுபது, வலிப்பு வரப்போகுது, கார் வேணும் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

மெசின் கெட்டுப்போச்சு என்று டாக்கரய்யா சொன்னானே என்றார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. "அப்படின்னா உங்களுக்கும் கொதிப்பு இல்லீங்க தொரை, ரெண்டு பேருக்கும் ஒரே மெசின்தான்" என்றேன். மனுஷன் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டார். அவருக்கு நூற்றறுபது இருந்தபோது கொழும்பு டாக்டர் கட்டிலை விட்டே இறங்காதே என்றாராம். டிரைவரைக் கூப்பிட்டு, கார் எடு என்று சத்தம் போட்டார். பிறகு நிஜமாகவே குழம்பிப்போய் என்னைக் கேட்டார். "நம்ம வியாதி அவளுக்கு யார் குடுத்தான்?"

வராத வலிப்பு

பெரியாஸ்பத்திரியில் மாரியாயியை இருட்டு அறையில் படுக்க வைத்து, ஊசி போட்டு, பக்கத்திலேயே ஆள் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை, கோழிக்குஞ்சு கனம், ஆனால் தொண்டை நல்ல தொண்டை. தாய்க்கு ஒரு குறையும் இல்லை, அழுத்தம் மெல்ல இறங்கிவிட்டது. நான் ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பின்னால் போய் நின்று வாய்விட்டு அழுதேன். சந்தோஷம்தான். செத்துப்போனவளுக்காகவும் சேர்த்து அழுதேன்.

தாயும் பிள்ளையும் தோட்டத்துக்குத் திரும்பிய அன்று லயமே கூடி நின்றது. எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு போயிருந்தேன். காத்தாயி பேத்தியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். பிறகு என் பக்கம் கையை நீட்டி ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். "வலிப்பு வருது, உசுரு போவுதுன்னு என்னா கூத்து கட்டுச்சு இந்த நர்ஸம்மா, ஒண்ணும் வரலியே, வாயத் தொறந்தா பொய்யி!"

எங்கள் உத்தியோகத்தில் வேலை கெட்டால் கொலைகாரி, சரியாக நடந்தால் பொய்க்காரி. மிச்சக் காலம் முழுக்க நான் பொய்க்காரியாகவே இருந்து ஓய்வு பெற்றேன், சாமி புண்ணியம்.