பிள்ளையாருக்குப் பின்னால் மெயின் சுவிச்

கொக்குவிலில் எங்கள் வீட்டுக்குள் வருபவரின் கண்ணில் முதலில் படுவது மெயின் சுவிச் பலகைதான். பீங்கான் பியூஸ், கறுத்த இரும்புப் பெட்டி, பிறகு பொருத்திய, கரண்ட் கூடினால் தானே விழும் ரிப் சுவிச் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. வயர்கள் கூரைக்குப் போகின்றன. சில எங்கும் போவதில்லை. சுவரை வெட்டி உள்ளே விடலாமா என்று வயரிங் வேலை செய்பவரைக் கேட்டேன். அவர் சுவரை விரலால் தட்டினார். சுண்ணாம்பு கொட்டியது.

"அண்ணை, வெட்டினால் வயர் நிக்கும், சுவர் நிக்காது."

மகளுக்கும் அவளோடு வேலை செய்யும் பெடியனுக்கும் விருப்பம். அவனுடைய தாயார் வீட்டைப் பார்த்துச் சரியென்றால் கலியாணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு சீதனமாகப் போகும். ஆகவே பெண்ணைவிட வீட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். இந்தப் பலகையைக் கண்டு அந்த மனிசி வேண்டாம் என்றுவிடுவாரோ என்று எனக்கு உண்மையாகவே பயம்.

"உந்தப் பலகையை மறைக்காதேங்கோ அப்பா. உள்ளதைச் சொல்லுவம்" என்றாள் மகள்.

உள்ளதைச் சொல்லி ஒப்பேறிய கலியாணம் எதையும் நான் கண்டதில்லை. ரவுண் கடைத்தெருவுக்குப் போய் மூன்றடிப் பிள்ளையார் படம் வாங்கிவந்து பலகையின்மேல் மாட்டினேன். மனைவி சந்தனம் வைத்து மாலையும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வருவதாகத்தான் பேச்சு. படம் மாட்டிய மூன்றாம் நாள், வியாழன் மத்தியானம், நாங்கள் பாரை மீன் குழம்போடு சாப்பிட்டுக் கை கழுவும்போது "இண்டைக்கே வாறம்" என்று போன் வந்தது.

தாயார் தன் தம்பியோடு வந்தார். பிள்ளையாரைக் கண்டதும் கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், வேறு காரணத்துக்காக.

மனைவி தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்திலைப் போட்டாள். படத்துக்குப் பின்னால் 'டிக்' என்றது. ஃபான் நின்றது. நான் படத்தை நோக்கி எழும்பினேன்.

"இஞ்சாருங்கோ, மச்சம் திண்ட கை. குளிச்சுப்போட்டுத் தொடுங்கோ" என்றாள் மனைவி.

மீன் சாப்பிட்டவர் சாமி படத்தைத் தொடுவது எங்கள் வீட்டில் நடக்காது. வந்தவர்களை வியர்க்க விட்டுவிட்டு நான் கிணற்றடியில் தலைமுழுகுவதா? மனைவியும் மகளும் என்னோடு சாப்பிட்டவர்கள். தம்பியார் தானாகவே "நானும் கணவாய்க் கறி" என்று கையை விரித்தார்.

"நான் சைவம்" என்று தாயார் எழும்பினார். "எங்கை சுவிச்?"

நான் முகட்டைப் பார்த்தேன். மகள் பிள்ளையாரைக் காட்டினாள்.

அவர் படத்தைக் கவனமாக இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு ரிப் சுவிச்சை மேலே தட்டினார். ஃபான் சுற்றியது.

"படம் மாட்டிக் கனகாலமோ?"

"கனகாலம்" என்றேன்.

"மூண்டு நாள், மாமி" என்றாள் மகள். "வயரிங் முழுக்கப் பழசு. உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு அப்பா மாட்டினவர்."

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அந்த வயதில் பட்டிருக்கத் தேவையில்லாத வெட்கம். கலியாணம் முடிந்தது என்று நினைத்தேன், தொடங்கு முன்னமே.

தாயார் படத்தை என் மனைவியிடம் நீட்டி, மீன் ஞாபகம் வந்து, தானே திரும்ப மாட்டினார். மாலையையும் நேராக்கினார்.

"எங்கடை வீட்டுப் பலகையிலை முருகன்" என்றார், என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து. "இண்டுவரைக்கும் நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நாள் வைப்பம், பிள்ளை."