சாவு வீட்டுக்குப் போன மாமாவின் இசைத்தட்டு

மாமா பாடிய பாட்டு ஊரெல்லாம் ஓடிய காலத்தில், அதை அவர் குரலில் கேட்காத ஒரே ஆள் நான்தான் என்று நினைத்து ஏங்கியிருக்கிறேன்.

அம்மாவின் கடைசித் தம்பி அவர். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டிலேயே இருந்தார். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. அப்பாவும் அம்மாவும் பாலுக்கு மரம் வெட்டப் போய்விட்டால் வீட்டில் நானும் மாமாவும் அவருடைய கித்தாரும்தான். குழாயடியைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்து பாடுவார். கங்காணியின் மகள் தண்ணீர் பிடிக்க வரும் நேரம் அது. குடம் நிறைந்து வழிந்தாலும் அந்த அக்கா குழாயை மூடாது. மாமாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது நான். அதனால் எனக்காகத்தான் பாடுகிறார் என்று எனக்கு ஒரே கர்வம்.

கங்காணி அந்த அக்காவுக்கு யான் என்கிற ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்தார். அதே வாரம் மாமா சுங்கை பட்டாணிக்குப் போய் ஒரு பாட்டு பேண்டில் சேர்ந்துகொண்டார். அதன் பிறகு எனக்குப் பேச்சுத்துணை கோழிகள்தான்.

சில மாதம் கழித்து பஸ் கண்டக்டர் மூலமாக ஒரு இசைத்தட்டு வந்தது. உறையில் முடி வளர்த்த நாலு பேர். எழுத்து எனக்குப் புரியவில்லை, மாமா முகம் தெரிந்தது. மெதுவாகப் போகிற மலாய்ப் பாட்டாம். மலாய் ரேடியோவில் தினமும் போடுகிறார்களாம். எங்கள் வீட்டு ரேடியோவோ தமிழை விட்டு நகராது. முள்ளைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்பார் அப்பா. சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போவார். லயத்துக் கோடிவரை பின்னாலேயே ஓடுவேன். மெட்டு கிடைத்தது, மாமா குரல் கிடைக்கவில்லை.

தட்டைப் போட்டுக் கேட்கத் தோட்டத்தில் யாரிடமும் பெட்டி இல்லை. கங்காணி வீட்டுக் கல்யாணத்துக்கு மைக்செட் வரும், அன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த கங்காணி அப்படியே சாய்ந்துவிட்டார். மைக்செட் சாவுக்கு வந்தது.

தேவாரத் தட்டு முடிந்த நேரம் பார்த்து மைக்செட்காரரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, எங்க மாமா பாடுனது. ஒரு வாட்டி போடுங்கண்ணே."

"சாவு வீடு பாப்பா. ஆட்டம் பாட்டமா இருந்துச்சுன்னா என்னைத்தான் செருப்பால அடிப்பாங்க."

"மெதுவாத்தான்ணே போகும்." ரொட்டிக்காரர் மாதிரியே முணுமுணுத்துக் காட்டினேன்.

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "அட, ஒப்பாரி மாதிரிதான்லா இருக்கு. குடு."

கூம்பு ஒலிபெருக்கியில் மாமா குரல் கிளம்பி ரப்பர் மரங்களுக்கு மேலே போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலையிலிருந்து அந்த அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "கல்லாட்டம் ஒக்காந்திருக்கா பாரு, பெத்த அப்பனுக்கு அழல" என்று பெண்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டின் இரண்டாவது அடியில் அந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டு கதறியது. "அழுதுடு ஆயி, அழுதுடு" என்று பெண்கள் கட்டிக்கொண்டார்கள். நல்ல பாட்டு, இன்னும் இரண்டு தடவை போடு என்றார்கள்.

அப்படித்தான் அந்தப் பாட்டு எங்கள் தோட்டத்தில் பேர் எடுத்தது. பிறகு எந்தச் சாவு விழுந்தாலும் தட்டைக் கேட்டு என்னிடம் ஆள் வரும். பிள்ளைகள் வீட்டுக்குள் அதை முணுமுணுத்தால் வாயிலேயே அடி விழும்.

கல்யாணம் மைக்செட் இல்லாமல், கோயிலில் நாலு பேரோடு முடிந்து அக்கா யானுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மாமா வந்தார், தோளில் கித்தாரோடு. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஒங்க பாட்ட மூணு தடவ போட்டாங்க மாமா! மூணு தடவயும் கங்காணி வீட்டு அக்கா அழுதுச்சு. அவங்கப்பா மேல அவ்ளோ பாசம்!"

மாமா கித்தாரைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "பாட்டு முடியுற வரைக்கும் அது அங்கயே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"எங்கயும் போவல மாமா."

வாசற்படியில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தேன். குழாயடியில் யாரும் இல்லை. மாமா கித்தாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. கடைசி பஸ்ஸுக்கு எழுந்து போய்விட்டார்.

நான்தான் எதிரே இருந்தேனே, பிறகு ஏன் பாடவில்லை என்று ரொம்ப நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன்.