தொடாமலே திறந்த மெயில்கள்

1. மண்டி நியாயம்

"சேகரு, கலைச்செல்வி லிஸ்டையும் நீயே பாத்துக்க. அந்தப் பொண்ணு இந்த மாசத்தோட நின்னுக்கட்டும்."

முதலாளி என்னிடம் இதைச் சொன்னபோது கலைச்செல்வி எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். மனசில் வந்ததை அந்த இடத்திலேயே கொட்டிவிடுகிற மனிதர் அவர்.

செஞ்சியில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த குடும்பம் அவருடையது. வேர்க்கடலையை மூட்டையாக விற்றது போதும் என்று செக்கு போட்டு, கோட்டைப் படம் ஒட்டிய டின்னில் எண்ணெய் விற்க ஆரம்பித்தார். மண்டியின் மாடியில் நாங்கள் இருவர் மெயில் மார்க்கெட்டிங் பார்த்தோம். வெளியூர், வெளிநாட்டு வீடுகளின் லிஸ்ட் என்னிடம். ஹோட்டல், கேன்டீன், சூப்பர் மார்க்கெட் ஆபீஸ்களின் லிஸ்ட் தொண்டூரிலிருந்து பஸ்ஸில் வரும் கலைச்செல்வியிடம்.

நாங்கள் அனுப்பும் மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படம் இருக்கும். ஒருவர் மெயிலைத் திறந்தால் அந்தப் படம் சர்வரிலிருந்து இறங்கும். இறங்கினால் சாஃப்ட்வேர் அதை 'ஓப்பன்' என்று எண்ணிக்கொள்ளும். அந்த வருஷம் என் ஓப்பன் ரேட், அதாவது அனுப்பியதில் நூற்றுக்கு எத்தனை திறந்தது என்ற கணக்கு, கிடுகிடுவென்று ஏறியது. அவளுடையது தரையோடு தரையாகக் கிடந்தது. ஆர்டரெல்லாம் கீழே மண்டிக்குப் போனில் வரும். எது எந்த மெயிலைப் பார்த்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

"என் கடைக்காரங்க பதில் போடுறாங்க சார்" என்றாள் கலைச்செல்வி.

"பதில் கெடக்குதும்மா. தொறந்தே பாக்கலியே? மண்டியில மூட்டைக்குள்ள கைய வுட்டு நாலு கொட்டைய ஒடச்சிப் பாத்தவன்தான் வாங்குவான். சும்மா நின்னு பேசறவன் வாங்க மாட்டான்."

ஓப்பன் என்பது அவருக்குக் கொட்டையை உடைத்துப் பார்ப்பது மாதிரி. நானும் அதை மறுக்கவில்லை. என் நம்பர் நன்றாக இருந்ததே!

2. ஆஸ்பத்திரியில் இருந்த அம்மா

மண்டியில் கொட்டையை உடைத்துப் பார்த்துவிட்டு நகர்கிறவனைக் கூப்பிட்டு, 'இன்னாப்பா, சரக்கு புடிக்கலியா?' என்று கேட்பது வழக்கம். அதே மாதிரி, மெயிலைத் திறந்துவிட்டு வாங்காதவர்களுக்குப் போன் போடச் சொன்னார் முதலாளி. ஊர் உலகத்தில் எந்த மெயில் கம்பெனியும் இப்படிச் செய்திருக்காது. நாங்கள் செய்தோம்.

முதல் போன் சென்னையில் ஓர் அம்மாவுக்கு. ஒரு மெயில் விடாமல் திறந்ததாகக் கணக்கு காட்டியது.

"அம்மா, செஞ்சியிலேருந்து பேசறேன். நம்ம மெயில் எல்லாத்தையும் பாக்கிறீங்க. எண்ணெய் ஏதும் வேணுங்களா?"

"நான் எங்கப்பா பாத்தேன்? முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு இத்தினி நாளா ஆஸ்பத்திரியில கெடந்தேன். போனு வீட்ல சார்ஜர்ல கெடந்தது."

"வீட்ல வேற யாராவது..."

"வீடே பூட்டியில்ல இருந்தது! நான் பாத்தேன்னு உனக்கு யார் சொன்னா?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். மறதி போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்தவரும் பார்க்கவில்லை என்றார். அதற்கடுத்தவர் எங்கள் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார். எல்லோருமா பொய் சொல்வார்கள்? இவர்கள் திறக்கவில்லை என்றால் திறப்பது யார்?

3. லிஸ்டில் முதல் பெயர்

அதிகம் திறப்பவர்கள் யார் என்று ரிப்போர்ட் எடுத்தேன். முதல் பெயர் எங்கள் முதலாளியுடையது. அது எனக்குப் புதிதல்ல. அவர் விடாமல் படிக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். கீழே போய்க் கேட்டேன்.

"சார், போன வாரம் மெயில் பாத்தீங்களே, எப்படி இருந்தது?"

"இன்னா மெயிலு?"

"நம்ம எண்ணெய் மெயில் சார். நீங்க எல்லாத்தையும் தொறந்திருக்கீங்க."

"எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாதுப்பா. மாப்ள வாங்கிக் குடுத்த போனு. பேசுவேன், வச்சிடுவேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு வாய்த்த ஒரே ரசிகரும் படிக்கவில்லை.

அவர் போனை வாங்கிக் கல்லா மேசையிலேயே சார்ஜரில் போட்டேன். கலைச்செல்வியை லேப்டாப்போடு கீழே கூப்பிட்டு ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன். மூவரும் டீ குடித்துக்கொண்டே அந்தப் போனை வெறித்துப் பார்த்தோம். ஒருவரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் கலைச்செல்வியின் லேப்டாப்பில் 'ஓப்பன்' ஏறியது.

"யோவ், எவன்யா தொட்டது?" என்றார் முதலாளி, போனைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்து.

பிறகு சாஃப்ட்வேர்காரர்களிடம் விசாரித்தபோதுதான் விளங்கியது. சில போன்களின் மெயில் ஆப், ஆள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், மெயிலில் உள்ள படங்களைத் தன் சர்வர் வழியாக முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுமாம். யார் படித்தார் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தானாம் அந்த வருஷம் புதிதாக வந்த இந்த ஏற்பாடு. என் லிஸ்டில் பாதிப் பேர் அந்தப் போன்காரர்கள். கலைச்செல்வி லிஸ்டிலோ ஆபீஸ் மெயில்கள். அங்கே படங்களைத் தடுத்து வைத்திருப்பார்கள். வரி விடாமல் படித்தாலும் கணக்கில் வராது. இப்போதும் ஓர் ஓப்பன் ஏறினால் அது ஆளா, ஆப்பா என்று எனக்குத் தெரியாது.

4. ஒரே கேள்வி

படமே இல்லாமல் இரண்டு லிஸ்டுக்கும் ஒரே மெயில் அனுப்பினோம். 'எந்த அளவு டின் வேண்டும்? பதில் போடுங்கள்' என்று மட்டும் கேட்டோம். கலைச்செல்விக்கு அன்றைக்கே பதில்கள் வர ஆரம்பித்தன. ஒரு கேன்டீன்காரர், போன தடவை டின் மூடி கசிந்தது என்பதுவரை எழுதியிருந்தார். எனக்கு வந்தது ஒன்றிரண்டு. அதில் ஒன்று, இனிமேல் மெயில் அனுப்பாதீர்கள் என்று.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு நம்பர் எப்படி ஏறுகிறது என்று தெரியாமல் அதைக் கொண்டாடாதீர்கள். முக்கியமாக, அதை வைத்து ஓர் ஆளை எடை போடாதீர்கள்.

முதலாளி மாடிக்கு வந்து, "சரிம்மா, நீ இரு. மிஷினு தப்பா சொல்லிட்டுது" என்றார்.

கலைச்செல்வி எழுந்து நின்றாள். "மிஷினு தப்பா சொல்லிச்சி, சரி சார். பதில் வருதுன்னு நான் சரியாத்தான சொன்னேன்? அத ஏன் சார் யாரும் கேக்கல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.